முந்தின சைஸ்

தேக்கு தீய்கிற வாசனை. அடுப்பில் தீய்வது வேறு. துளைபோடுகிற பிட்டு ஒன்று மொண்ணையாகி, துளைக்கத் தெம்பில்லாமல் மரத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றும்போது வருவது வேறு. வெல்லப்பாகு அடிபிடித்த மாதிரி ஒரு தித்திப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஒரு கசப்பு. ஈஜிபுராவில் என் வீட்டுக்குப் பின்னால் யாரோ கட்டில் செய்கிறார்கள். நேற்று முழுக்க அந்த வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்து, அழைக்காத விருந்தாளி போல என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. எழுந்து போகவுமில்லை, காப்பி கேட்கவுமில்லை.

எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. ஆனாலும் ஓய்வு பெற்றவன். மரத்தூள் நெஞ்சுக்குள் வாடகை கொடுக்காமல் குடியேறிவிட்டதால், டாக்டர் என்னை மரத்திடமிருந்து விவாகரத்து செய்துவைத்தார். போன மாதம் பழைய பட்டறைத் தோழர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பட்டறையில் புது மெஷின் வந்திருக்கிறதாம். ஒரே அமுக்கில் நாலு துளை போடுமாம். "இனிமே ஜிக்குக்கு வேலையில்லை, மாணிக்கம். நீதான் முதல் ஜிக் செஞ்சவன். அது எப்படின்னு எழுதிக் குடேன், புதுசா சேர்ற பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்கள். ஜிக் என்றால், பிட்டு எங்கே இறங்க வேண்டும் என்று வழிகாட்டுகிற அச்சுப் பலகை. உபயோகத்துக்கு நான் ஜவாப்தாரி இல்லை. எழுதுகிறேன்.

நாங்கள் செய்தது ரேடியோப் பெட்டிகள். உள்ளே பாடுகிற சாமான் எல்லாம் வேறொரு கம்பெனியுடையது. வெளியே பளபளக்கிற மரக்கூடு எங்களுடையது. நாடு சுதந்திரம் வாங்கின சூட்டோடு நான் நீலசந்திராவில் ஒரு மேஸ்திரியிடம் கூலிக்குச் சேர்ந்தேன். உளி பிடித்தேன், விரல் வெட்டிக்கொண்டேன், இழைத்தேன், ஏச்சு வாங்கினேன். பிறகு அடுகோடிப் பக்கம் இந்தப் பட்டறைக்கு வந்தேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். கற்றுக்கொண்டதை விரித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கற்றுக்கொள்ளாதவர்கள்.

ரேடியோவின் முகப்புப் பலகையில் நாலு துளை. ஒவ்வொன்றிலும் ஒரு திருகி வெளியே தலைநீட்டும். சத்தத்துக்கு ஒன்று, ஸ்டேஷனுக்கு ஒன்று, மற்ற இரண்டும் எதற்கென்று வாங்கினவர்களுக்கும் தெரியாது. இந்த நாலு துளையையும் நாங்கள் பென்சிலால் குறித்துக் கையால் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஒவ்வொரு முகம் இருந்தது. ஒன்றுக்கு மாறுகண். ஒன்றுக்கு வாய் கோணல். ஒரு பெட்டியில் சத்தத்தைக் கூட்டினால் பக்கத்துத் திருகியும் உரசிக்கொண்டு கூடவே சுற்றும். கச்சேரி உரக்கக் கேட்கப் போனவர் சிலோனில் போய் விழுவார். கம்பெனியிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. வந்த பெட்டிகளுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தார் போர்மேன் வரதராஜன்.

மெட்ராஸ்காரர். காக்கிச் சட்டைக்கு மேல் கழுத்துப்பட்டி கட்டுவார். ஆள்காட்டி விரலில் ஒரு செப்பு மோதிரம். எங்கள் முதலாளியின் முன்னோர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர்கள். அவர் வீட்டில் தமிழும் கன்னடமும் ஒரே தட்டில் சாப்பிடும். ஆகவே போர்மேனை எடுக்கும்போது அவர் கேட்ட ஒரே கேள்வி, "கன்னடம் வருமா?" வரதராஜன் சொன்ன ஒரே பதில், "பேஷா வரும்."

வந்ததென்னவோ அவர் மட்டும்தான்.

கன்னடத்தைப் பற்றி அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. முதல் நாளே எங்களை நிற்க வைத்து அதை உபதேசித்தார்.

"கன்னடம்னா என்ன? தலையை மாத்தின தமிழ். நம்ம பால் அங்கே ஹாலு. நம்ம பல்லு ஹல்லு. புலி ஹுலி. 'ப' வர்ற இடத்துல 'ஹ' போடு, முடிஞ்சுது கன்னடம். இதுக்குப் போய் எதுக்கு வாத்தியார்?"

அன்று சாயங்காலமே கையெழுத்துப் போடப் பேனா தேவைப்பட்டது. அப்போதுதான் வந்திருந்த துளைபோடும் மெஷினில் நின்றவனைப் பார்த்து, தன் விதிப்படி 'ப'வை மாற்றி, வாலில் ஓர் 'உ'வும் ஒட்டி, "ஹேனு கொடு" என்றார். கன்னடத்தில் ஹேனு என்றால் தலையில் ஊர்கிற பேன். அவன் தன் முடியை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, "இல்லா சார்" என்றான், ரொம்ப வருத்தத்தோடு.

அந்தப் பையனின் பெயரில்தான் அடுத்த சங்கடம். மாகடிப் பக்கத்துக் கன்னடக்காரன்; இருபத்தைந்து வயசு; பெயர் சித்தப்பா. எங்கள் தமிழ் வாய்களுக்கு அது கேட்காமலே கிடைத்த அல்வா. பட்டறையில் தாடி நரைத்தவனெல்லாம் அவனைச் சித்தப்பா சித்தப்பா என்று வாய் நிறையக் கூப்பிட்டு, "சித்தி எப்ப வர்றாங்க?" என்று கேட்பார்கள். கேள்வியில் விஷயம் இருந்தது. அவனுக்கு ஊரில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரே நிபந்தனை போட்டிருந்தார்: வேலை பர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் மதுவெ. மதுவெ என்றால் கல்யாணம். அந்த ஆயுத பூஜைக்கு அவனைப் பர்மனென்ட் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதுவரை அவன் மூச்சைக்கூட ஓரமாகத்தான் விட்டான். வரதராஜன் மட்டும் தன்னைவிடச் சின்னவனைச் சித்தப்பா என்று கூப்பிடக் கௌரவம் இடம் கொடுக்காமல், "ஏய், மெஷின்" என்றே கூப்பிட்டு வந்தார்.

இவரை வெறும் கேலிப்பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். ஜிக் என்ற வார்த்தையையே எங்கள் பட்டறைக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். வேலையும் தெரிந்தவர். எனக்குக் கோபம் அதிலேதான். முட்டாளாகவே இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

"பென்சிலை வெச்சுட்டு வா, மாணிக்கம். பென்சில் கோட்டுக்கு ரெண்டு கரை உண்டு. நீ எந்தக் கரையில துளை போடுவே?" என்றார். கத்தி முனையால் கோடு கிழிக்கச் சொன்னார்.

முகப்புப் பலகையின் அளவுக்கே நல்லாக் காய்ந்த ஈட்டி மரத்தில் ஒரு பலகை. அதன் இடது ஓரத்திலும் அடி ஓரத்திலும் கீழ்நோக்கி இரண்டு சட்டங்கள், பசையும் திருகாணியும் போட்டு. முகப்புப் பலகையின் மூலையை இந்தச் சட்டங்களுக்குள் தள்ளினால், தொட்டிலில் குழந்தை மாதிரி அசையாமல் உட்கார வேண்டும். இரண்டு சட்டமும் சந்திக்கிற உள்மூலையில் ஒரு சின்ன இடைவெளி விடச் சொன்னார். ஏனென்று கேட்டேன். "தூள் போய் ஒளிஞ்சுக்க இடம் வேணாமா? மூலையில ஒரு சிட்டிகைத் தூள் தங்கினா போதும், பலகை முழுக்க உட்காராது. துளை நாலும் தள்ளிப் போயிடும்." அந்த இடைவெளியை நான் இன்றைக்கும் வணங்குகிறேன். குப்பைக்கும் ஒரு இடம் ஒதுக்கினால்தான் மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று எந்தச் சாஸ்திரம் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கிறது?

பிறகு துளைகள். மூலைமட்டம் வைத்து, கத்திக் கோடுகள் சந்திக்கிற புள்ளியில் ஆணியால் ஒரு குத்து. அந்தக் குழியில் பிட்டின் முனை வழுக்காமல் இறங்கும். மரத்திலேயே துளையை விட்டுவைத்தால் பிட்டு உரசி உரசி அது நாளடைவில் அகன்றுவிடும். ஆகவே அடுகோடி லேத்துப் பட்டறையில் நாலு இரும்புக் குழாய்த் துண்டு கடைந்து வாங்கி, ஒவ்வொரு துளையிலும் இறுக்கி இறக்கினோம். இனி பிட்டு அந்தக் குழாய் வழியாகத்தான் போகலாம். நேராகத்தான் போகலாம். அதற்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாது. மேல்பக்கத்தில் சிவப்புப் பெயிண்டால் பெரிய புள்ளி, யாரும் புரட்டிப் போட்டுத் துளைக்காதிருக்க. துளைக்கும் பலகைக்குக் கீழே ஒரு கழிவுப் பலகை, அடியில் சிலும்பாதிருக்க.

வேலை இரண்டு கட்டம். ஜிக்கின் குழாய் இரண்டு நூல் பிட்டுக்கு. நூல் என்பது ஆசாரிக் கணக்கு. எட்டு நூல் ஓர் அங்குலம். முதலில் ஜிக்கை மாட்டி இரண்டு நூல் துளை, அதாவது இடம் காட்டுகிற துளை. பின்பு ஜிக்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பெரிய பிட்டால் அகலப்படுத்த வேண்டும். அப்போது ஓடின ரேடியோவுக்கு நாலு நூல். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் பிட்டுகள் வரிசையாக நிற்கும்: இரண்டு நூல், மூணு நூல், நாலு நூல், ஆறு நூல். ஐந்து நூல் என்றைக்கோ உடைந்து போனது. கட்டையில் எழுதின எண்களைக் கைகள் தடவித் தடவி அழித்துவிட்டன.

ஜிக் வந்தது. ரேடியோக்களின் மாறுகண் சரியானது. வரதராஜன் ஒவ்வொரு அடுக்காக வந்து, மோதிரம் போட்ட விரலால் மேல் பலகையை ஒரு தட்டுத் தட்டுவார். அதற்குப் பெயர் தொடுதல். அவர் தொட்ட அடுக்குதான் பாலீஷ் போடுகிறவர்களிடம் போகும். "தொட்டதா?" என்று அவர்கள் கேட்பார்கள். "தொட்டது" என்போம். அதற்கு மேல் யாரும் பலகையைப் பார்க்க மாட்டார்கள். முன்பெல்லாம் ஆளுக்கொரு தப்பு செய்ததால் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டோம். இப்போது ஜிக் இருக்கிறது, போர்மேன் விரல் இருக்கிறது, கண் எதற்கு?

இப்படியிருக்கையில் ரேடியோக் கம்பெனி புது மாடல் கொண்டுவந்தது. துளைகள் அதே இடம்தான். திருகி மட்டும் சின்னது, சட்டைப் பொத்தான் மாதிரி. ஆகவே துளை மூணு நூல் போதும். வரதராஜன் மெஷினுக்கு வந்தார். சித்தப்பா நாலு நூல் பிட்டை மாட்டிக்கொண்டிருந்தான். நான் அடுத்த பெஞ்சில். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"ஏய் மெஷின், இது வேண்டாம். புது மாடலுக்கு முந்தின சைஸ் போடு."

சித்தப்பா பிட்டுக் கட்டையைப் பார்த்தான். ஒரு பிட்டின் மேல் பார்வை நின்றது. அவனுக்கே சந்தேகம். கேட்டான்:

"தொட்டதா சார்?"

"தொட்டதுதான். எல்லாம் தொட்டாச்சு. போடு."

அவ்வளவுதான். என் காதுக்கு அது குற்றமில்லாத தமிழ். பாலீஷ்காரர்கள் காதிலும் தமிழாகத்தான் விழுந்தது. போர்மேன் முன்கூட்டியே தொட்டுவிட்டார், இனி பலகை வர வர வாங்கிக்கொள்ளலாம் என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். வரதராஜன் என்னைக் கூட்டிக்கொண்டு, இன்னொரு ஜிக்குக்குக் குழாய் கடைய அடுகோடிக்குப் போய்விட்டார்.

ஆனால் சித்தப்பா காதில் விழுந்தது கன்னடம். கன்னடத்தில் முந்தின என்றால் அடுத்த. நமக்கு முந்தின வாரம் என்றால் போன வாரம். அவர்களுக்கு வருகிற வாரம். ஒரே சொல், முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. நாலு நூலுக்கு அடுத்தது கட்டையில் ஆறு நூல். அவ்வளவு பெரிசா என்று பதறித்தான் அவன் கேட்டிருக்கிறான். அவர்கள் பாஷையில் 'தொட்டது' என்றால் பெரியது.

பெரியதா சார்? பெரியதுதான். எல்லாம் பெரிசாச்சு. போடு.

போட்டான். துளை ஒவ்வொன்றும் மயிரிழை பிசகாத இடத்தில், இரண்டு மடங்கு அகலத்தில். கையால் போட்ட காலமாக இருந்தால் பாதிப் பேர் பாதித் தப்பு செய்து பாதிப் பலகையாவது பிழைத்திருக்கும். ஜிக்கின் மகிமை, தப்பும் துல்லியமாக விழுந்தது.

பலகைகள் பாலீஷாகிப் போய்ச் சேர்ந்ததும், ரேடியோக் கம்பெனி ஆள் அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்கு வந்தார். பொத்தான் மாதிரித் திருகியைத் துளையில் வைத்தார். விட்டார். அது உள்ளே விழுந்து டொக் என்றது. எடுத்தார், வைத்தார், விட்டார். டொக். அந்த அறையில் அன்று நடந்த மிகத் தெளிவான பேச்சு அதுதான்.

அவரை அனுப்பிவிட்டு முதலாளி எங்கள் மூவரையும் உள்ளே நிறுத்தினார். பட்டறையில் ஒரு சட்டம் உண்டு: சொன்னதை மாற்றிச் செய்தவன் வீட்டுக்குப் போகலாம். தப்பாகச் சொன்னவன் எங்கே போவான் என்று சட்டத்தில் இல்லை. சொல்கிறவர்கள் எழுதின சட்டம். சித்தப்பாவின் முகத்தில் மாகடியும் மதுவெயும் ஒன்றாக அணைந்துகொண்டிருந்தன.

"சார் முந்தின சைஸ் அந்தாரு" என்றான். "நாலுக்கு முந்தின சைஸு ஆறு. தொட்டதான்னு கேட்டேன். தொட்டதேன்னாரு. நான் ஏனு மாட்லி, என்ன பண்றது, ஸ்வாமி?"

முதலாளி கண்ணை மூடினார். இரண்டு பாஷையும் தெரிந்தவர். அவருக்கு அந்த நிமிஷமே முழுசாகப் புரிந்துவிட்டது. உதட்டின் ஓரம் துடித்தது. சிரித்தால் விசாரணை போய்விடும் என்று கடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"மாணிக்கம், நீ பக்கத்துல இருந்தியே. போர்மேன் என்ன சொன்னார்?"

"முந்தின சைஸ்னு சொன்னார், முதலாளி."

"எந்த பாஷையில?"

"சொல்லு ரெண்டுக்கும் ஒண்ணுதாங்க. பாஷை அவர் மனசுல இருந்தது. அது என் பெஞ்சுக்குக் கேட்கலை."

முதலாளி நாற்காலியைத் திருப்பினார்.

"வரதராஜன், நீங்களே சொல்லுங்க. தமிழ்ல சொல்லியிருந்தா, இத்தனை நாள் தமிழ்ப் பட்டறையில நின்ன பையன் தப்பாப் புரிஞ்சுக்கிட்டான். அவன் போகட்டும். கன்னடத்துல சொல்லியிருந்தா, அவன் உங்க பேச்சுப்படிதான் செஞ்சிருக்கான். நீங்கதான் தப்பா சைஸ் சொல்லியிருக்கீங்க. எது?"

வரதராஜன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. தமிழ் என்றால் அவர் தப்பித்தார், ஆனால் கன்னடக்காரனோடு பேசக் கன்னடம் தெரியாதவர். கன்னடம் என்றால் பாஷை மிஞ்சும், மூணு நூலுக்கும் ஆறு நூலுக்கும் வித்தியாசம் தெரியாத போர்மேன் ஆகிவிடுவார். ஒரு பக்கம் வாய்ப்பேச்சு, ஒரு பக்கம் வேலை. நடுவில் அந்தப் பையன். நான் அவர் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எதையும் தொடவில்லை.

"கன்னடத்துலதான் சொன்னேன்" என்றார். "நான் அவங்ககிட்ட எப்பவும் கன்னடம்தான்."

"அப்போ சைஸ்?"

"சைஸ்ல கொஞ்சம்... கவனப் பிசகு."

முதலாளி நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திக்கொண்டார். அப்புறம் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். "இவ்வளவு நல்லா கன்னடம் பேசறீங்க. உங்களை இங்கே வெச்சுக்கிட்டு வீணாக்கறேன். சிவமொக்காவுல நம்ம மர டிப்போவைப் பார்த்துக்க ஆள் தேடிட்டிருந்தேன். காட்டுக்காரங்க, வண்டிக்காரங்க, அங்கே ஒருத்தருக்கும் தமிழ் வராது. உங்களை விட்டா யாரு?"

அப்போது பேப்பர் முழுக்க மொழிவாரியாக மாநிலம் பிரிக்கிற பேச்சு. கோடு எங்கே கிழிப்பது என்று பெரிய மனிதர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பட்டறையில் ஒரே ஒரு சொல்லைப் பிரித்தார்கள். பிரித்ததில் ஓர் ஆள் சிவமொக்கா போய் விழுந்தார்.

கெட்டுப்போன பலகைகள் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீணாக்க மனமில்லாமல் முதலாளி ஈட்டி மரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் திருகிகள் கடையச் சொன்னார். ரேடியோக் கம்பெனி அதற்கு 'டீலக்ஸ்' என்று பெயர் வைத்து விலையைக் கூட்டியது. ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். ஆனால் சிவமொக்கா உத்தரவு ரத்தாகவில்லை. லாபம் வந்தாலும் தண்டனை தண்டனைதான். இல்லாவிட்டால் நிர்வாகம் என்று எப்படிச் சொல்வது?

ஆயுத பூஜையன்று ஜிக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். பூசணிக்காய் உடைத்த கையோடு முதலாளி சித்தப்பாவைக் கூப்பிட்டு, அவன் பர்மனென்ட் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவன் அழுதுவிடுவான் போல இருந்தது; அழுதால் அதற்கும் யாராவது தமிழில் அர்த்தம் சொல்வார்கள் என்று பயந்தோ என்னவோ அடக்கிக்கொண்டான்.

மறுவாரம் வரதராஜன் புறப்பட்டார். பஸ் ஏற்றிவிடப் போனது நாங்கள் இரண்டே பேர். சித்தப்பா அவருடைய படுக்கைச் சுருட்டைத் தலையில் சுமந்து வந்து பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கட்டினான். கட்டினதை இழுத்துப் பார்த்தான். இறங்கி வந்தும் போகாமல், ஜன்னலுக்குக் கீழே செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். பட்டறையில் அத்தனை பேரும் பந்தயம் கட்டிக்கொண்டிருந்த விஷயம்தான் அவன் நாக்கிலும் இருந்தது. அவர் செய்தது ஜம்பமா, தயவா? நான் ஜம்பம் என்ற கட்சி. எஞ்சின் உறுமியது. அப்போதுதான் அவன் கேட்டான், தனக்கு வந்த தமிழையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து:

"சார், அன்னிக்கு நீங்க நெஜமா கன்னடத்திலயா சொன்னீங்க?"

வரதராஜன் கண்டக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லடா. தமிழ்லதான் சொன்னேன். மாமனார் வீட்டுல யார்கிட்டயும் சொல்லி வைக்காதே."